எழுத்து விழட்டும், ஆனால் நான் சொல்லும் இடத்தில்: மோஷன் கிராஃபிக்ஸில் பௌதிகமும் கையும்

கேள்வி | 2025 ஜனவரி 4

அண்ணா, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் அண்மையில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு கடையின் பெயர் மேலிருந்து எழுத்து எழுத்தாக விழுந்து, துள்ளி, வரிசையாக நிற்கவேண்டும் என்றார்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் ரிஜிட் பாடி சிமுலேஷன் போட்டேன், அதாவது திடப்பொருள் விழுந்து மோதுவதைக் கணினியே கணக்கிடும் முறை. விழுவது அசலாக இருக்கிறது, வரிசையில் நிற்கத்தான் மறுக்கிறது. கீஃப்ரேம் போட்டு, அதாவது எந்த நேரத்தில் எழுத்து எங்கே இருக்கவேண்டும் என்று நானே குறித்துச் செய்தால் வரிசையில் நிற்கிறது, ஆனால் எழுத்துக்குப் பாரமே இல்லை. கணக்குப்படி சரியாக வந்த அசைவில் கை வைப்பது ஏமாற்று வேலை என்கிறார் எங்கள் சீனியர். கணினியிடம் முழுவதுமாக விட்டுவிடுவதா, அல்லது எல்லாவற்றையும் கையால் செய்வதா?

பதில் | ஜனவரி 4, இரவு

ஏமாற்று வேலை இல்லை. சிமுலேஷனுக்குத் தெரிந்தது தொடக்கம் மட்டும். எந்த இடத்தில், எந்த வேகத்தில், எந்தச் சாய்வில் ஒரு பொருள் புறப்படுகிறது என்று நாம் சொல்கிறோம். அடுத்த கணத்தை அது கணக்கிடுகிறது, பிறகு அதற்கடுத்ததை. முடிவு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. விளம்பரத்துக்கோ முடிவுதான் உயிர். கடைசி இரண்டு விநாடி கடையின் பெயர் நேராக, வாசிக்கும்படி நிற்கவேண்டும். அதற்காகத்தான் பணம் தருகிறார்கள்.

உங்கள் எழுத்துகள் வரிசையில் நிற்காததற்குக் காரணம் நீங்கள் எதையோ தவறாக அமைத்தது அல்ல. தொடக்கத்தை மட்டும் கேட்கும் ஒன்றிடம் முடிவைக் கேட்டிருக்கிறீர்கள்.

இந்தச் சிக்கல் நம் தொழிலின் வயதுடையது. 1987இல் அனிமேட்டர் ஜோன் லாசெட்டர், டிஸ்னி ஓவியர்கள் கையால் வளர்த்த அசைவு நெறிகளைக் கணினி அனிமேஷனுக்குப் பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே ஆய்வாளர்கள் அன்ட்ரூ விட்கினும் மைக்கேல் காஸும் கணினியில் ஒரு மேசை விளக்கைத் தாவ வைத்தார்கள். எங்கே தொடங்கவேண்டும், எங்கே முடியவேண்டும் என்பதை மனிதர் சொல்ல, இடையில் பௌதிக விதிக்கு அடங்கிய பாதையைக் கணினி தேடிக் கண்டுபிடித்தது. முடிவைக் கேட்கும் உரிமை அனிமேட்டருக்கு உண்டு என்பதை அந்தத் துறையின் பெரியவர்களே அப்போதே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சீனியரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்.

ஜனவரி 5

பாரம் தெரியவில்லை என்றீர்கள், அதற்கு வருகிறேன். பாரம் என்பது பெரும்பாலும் நேரம். திணிவை 1 கிலோவிலிருந்து 100 கிலோவாக மாற்றிப் பாருங்கள். விழும் வேகம் மாறாது. கலிலியோ சொன்னதும் உயர்தரப் பௌதிகவியலில் நாம் படித்ததும் அதுதான். வேறு எழுத்தோடு மோதும்போது எது எதைத் தள்ளுகிறது என்பதில்தான் திணிவு தெரியும்.

கண் பாரத்தை அளப்பது உருவத்தின் அளவையும் விழ எடுக்கும் நேரத்தையும் சேர்த்து வைத்து. கணக்கு எளிது: உயரத்தை இரண்டால் பெருக்கி, 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் விநாடி வரும். 10 சென்ரிமீட்டர் உயர எழுத்து தன் உயரத்தளவு விழ 0.14 விநாடி, அதாவது விநாடிக்கு 25 ஃபிரேம் (படச்சட்டம்) என்ற நம் தொலைக்காட்சிக் கணக்கில் நான்கு ஃபிரேம்கூட இல்லை. 10 மீட்டர் உயர எழுத்துக்கு 1.43 விநாடி, ஏறத்தாழ 36 ஃபிரேம். திரையில் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும்படி கமெராவை வைத்துப் பாருங்கள். முதலாவது விளையாட்டுப் பொருள், இரண்டாவது கட்டடம். ஒரே உருவம்தான், வேறுபாடு முழுவதும் நேரத்தில் இருக்கிறது.

ஆகவே சிமுலேஷன் தொடங்குமுன் முதல் முடிவு உங்களுடையது: இந்த எழுத்து எவ்வளவு பெரியது? கோப்பில் இருக்கும் அளவைப் பற்றிக் கேட்கவில்லை. பார்ப்பவர் மனதில் அது எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும்? நகைக்கடைப் பெயர் மோதிரம்போல் கிணுகிணுக்கலாம். சீமெந்து விளம்பரத்தில் அதே வேகம் வந்தால் மூட்டைக்குள் பஞ்சு இருப்பதாகத்தான் தோன்றும்.

மாதிரிக் கட்டடங்களை இடித்துப் படமெடுத்தவர்களுக்கும் இந்த வர்க்கமூலம் தெரியும். பதினாறில் ஒரு பங்கு மாதிரியை நான்கு மடங்கு வேகத்தில் படம்பிடித்து, வழமையான வேகத்தில் ஓட்டுவார்கள்.

ஜனவரி 5, சிறிது கழித்து

அப்படியென்றால் எப்போதும் உண்மை அளவே போட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடியாது. கொழும்பின் தாமரைக் கோபுரம் சுமார் 350 மீட்டர். காற்றுத் தடை இல்லையென்று வைத்தாலும் அதன் உச்சியிலிருந்து விழும் ஒன்று தரையைத் தொட எட்டு விநாடிக்கு மேல் செல்லும். பத்து விநாடி விளம்பரத்தில் அது விழுந்து முடிய, பெயரை வாசிக்க நேரம் இருக்காது. அளவு தரும் நேரத்தையும் விளம்பரம் தரும் நேரத்தையும் அருகருகே எழுதுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால், விழுதல் முழுவதையும் காட்டாமல் கடைசிப் பகுதியை மட்டும் காட்டுவது ஒரு வழி. புவியீர்ப்பைக் கூட்டி ஏமாற்றுவதைவிட அது எனக்குப் பிடிக்கும். ஷாட்டை நறுக்கினாலும் பாரம் குறையாது.

ஜனவரி 7

ஹூடினி என்ற சிமுலேஷன் மென்பொருளில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார்: கையால் திருத்தினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும், கண்ணை ஏமாற்ற இயலாது என்று. பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

கண் எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்பதை ஆட்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். 2003இல் ரைட்ஸ்மா, பொலார்ட் என்ற ஆய்வாளர்கள் மனித உருவம் தாவும் அசைவுகளில் வேண்டுமென்றே பிழைகளைச் சேர்த்துக் காட்டினார்கள். கிடைத் திசை வேகத்தில் வந்த பிழையைப் பார்வையாளர்கள் எளிதில் பிடித்தார்கள். நிலைக்குத்துத் திசையில் வந்ததை அவ்வளவு எளிதில் பிடிக்கவில்லை. வேகம் கூட்டிய பிழை, குறைத்த பிழையைவிடத் துலக்கமாகத் தெரிந்தது.

நான் இதை வேலையில் இப்படிப் பயன்படுத்துகிறேன். ஓர் எழுத்து இடம் தவறி விழப்போகிறது என்றால் அதைப் பக்கவாட்டில் இழுக்கமாட்டேன். கொஞ்சம் உயரக் கூட்டித் துள்ளவிட்டு, அந்தக் கூடுதல் நேரத்தில் தன் வேகத்திலேயே அது சரியான இடத்துக்கு வரும்படி செய்வேன். அவசரப்படுத்தித் திருத்துவதைவிடத் தாமதப்படுத்தித் திருத்துவது பாதுகாப்பு.

இன்னொன்று அனுபவத்தில் கண்டது. பறந்துகொண்டிருக்கும்போது சுழற்சியை மாற்றினால் யாரும் கவனிப்பார்கள். தரையில் மோதும் ஃபிரேமில் மாற்றினால் கவனிக்கமாட்டார்கள். மோதலுக்குப் பிறகு ஒரு பொருள் எந்தப் பக்கம் திரும்பும் என்று நம்மால் முன்கூட்டியே சொல்ல முடியாது, அதனால் எது வந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம். கை வைப்பதென்றால் மோதும் இடத்தில் வையுங்கள். 2000இல் பொப்போவிச் என்ற ஆய்வாளரும் நண்பர்களும் செய்த கருவி நினைவுக்கு வருகிறது: பாதையின் நடுவில் பொருளைப் பிடித்து இழுத்தால், தொடக்க வேகம் போன்ற அளவுகளைக் கணினி தானாகச் சற்றுச் சற்று மாற்றி, இழுத்த இடத்துக்குப் பொருந்தும் பாதையைத் தந்தது.

ஜனவரி 7, இரவு

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கவேண்டும். அந்தச் சோதனை மனித உருவத்தின் தாவலில் நடந்தது. மனித உடலைப் பார்க்கும் கண் மிகவும் கண்டிப்பானது. எழுத்தைப் பார்க்கும் கண் அவ்வளவு கண்டிப்பில்லை. எழுத்துகளில் நமக்கு இன்னும் தாராளமாக இடம் உண்டு என்பது என் எண்ணம். ஆனால் நீர், துணி, புகை மூன்றும் அன்றாடம் பார்ப்பவை. அங்கே சகோதரி சொல்வதுதான் சரி.

ஜனவரி 8

வழி என்னவென்று கேட்டு இத்தனை பேர் எழுதியதால், நான் கையாளும் முறைகளைச் சொல்கிறேன்.

முதலில் பின்னோக்கி ஓட்டுவது. எழுத்துகளை வரிசையில் நிறுத்தி, அங்கிருந்து சிதறவிட்டு, அந்த அசைவைத் தலைகீழாக ஓட்டினால் எல்லாம் பறந்து வந்து வரிசையில் அமரும். எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். இதில் ஒரு பொறி உண்டு. தடையில்லாமல் பறக்கும் பொருளின் பாதை முன்னோக்கிப் பார்த்தாலும் பின்னோக்கிப் பார்த்தாலும் ஒன்றுதான். உராய்வும் மோதலும் அப்படியல்ல. பின்னோக்கி ஓட்டினால் துள்ளும் பொருள் ஒவ்வொரு துள்ளலுக்கும் உயரம் கூடிக்கொண்டே போகும். தரையில் கிடந்தது யாரும் தொடாமல் நகரத் தொடங்கும். அதனால் இந்த முறையை வெறுவெளியில், உராய்வையும் தணிவையும் (அசைவை மெல்ல அடக்கும் அளவு) சுழியமாக வைத்து, ஒன்றோடொன்று மோதாமல் பறந்து வரும் காட்சிகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். உங்கள் கடைப்பெயர் தரையில் துள்ளவேண்டும், ஆகவே உங்களுக்கு இது உதவாது.

உங்களுக்கு உதவுவது கைமாற்றம். பிளெண்டரின் ரிஜிட் பாடி அமைப்பில் ‘அனிமேட்டட்’ என்ற பெட்டி இருக்கிறது, அதற்கே கீஃப்ரேம் போடலாம். அது தேர்வாகியிருக்கும்வரை பொருள் உங்கள் கீஃப்ரேமைப் பின்பற்றும். எடுத்துவிட்ட ஃபிரேமிலிருந்து, அப்போதிருந்த வேகத்தோடு சிமுலேஷன் கையேற்கும். எழுத்து திரைக்குள் நுழையும் விதம் உங்கள் கையில், மோதித் துள்ளுவது கணினியின் கையில். பிறகு சிமுலேஷன் தந்த அசைவு எல்லாவற்றையும் கீஃப்ரேமாகப் பேக் செய்து (பதிந்து), கடைசித் துள்ளலை மட்டும் மீண்டும் உங்கள் கையில் எடுங்கள். எழுத்து நின்றபின் திருத்தாதீர்கள்; நின்ற பொருள் நகர்ந்தால் குழந்தைக்கும் தெரியும். அது இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே இலக்கை நோக்கிக் கலக்கத் தொடங்குங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் விருப்பமானது: கண்ணுக்குத் தெரியாத மேடை. ரெண்டரில், அதாவது முடிந்த படத்தில், வராத ஒரு தரையில், ஒவ்வொரு எழுத்துக்கும் ஆழமில்லாத, ஓரம் சரிந்த பள்ளம் ஒன்று வெட்டுங்கள். எழுத்து துள்ளி, தடுமாறி, சரிவில் வழுக்கி அதனுள் அமரும். நீங்கள் ஒரு கீஃப்ரேமும் போடவில்லை, ஆனால் எங்கே நிற்கவேண்டும் என்று தீர்மானித்தது நீங்கள்.

கடைசியாக, பொறுமை உள்ளவர்களுக்கு: பலமுறை ஓட்டித் தேர்ந்தெடுப்பது. தொடக்கச் சாய்வை ஒரு பாகை இரண்டு பாகை மாற்றி மாற்றி இரவு முழுவதும் ஓடவிட்டு, காலையில் சிறு படங்களாக அடுக்கிப் பார்த்து, பிடித்ததை எடுப்பது. 2007இல் ட்விக், ஜேம்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதையே ஒரு முறையாக வளர்த்தார்கள். ஆயிரக்கணக்கான சாத்தியங்களிலிருந்து “இந்தப் பந்து இங்கே விழுந்தவை மட்டும் காட்டு” என்று சலித்தெடுக்கலாம். நம் ஸ்டூடியோக்களில் அவ்வளவு கணினி இல்லை. ஐந்தாறு எழுத்துக்கு இது போதும். அதற்குமேல் போனால் எல்லா எழுத்தும் ஒரே ஓட்டத்தில் நன்றாக விழுவது அரிது.

ஜனவரி 10

நான் உண்மையில் கதைக்க விரும்பியது இதைத்தான். இந்தத் துறையின் பாடங்கள் எல்லாம் ஆங்கில எழுத்தை வைத்தே நடத்தப்படுகின்றன. கொழும்பில் ஒரு விளம்பரம் மூன்று மொழியில் போகிறது, மூன்றுக்கும் பௌதிகம் வேறு.

‘கொழும்பு’ என்று எழுதி வளைகோடாக்கி, எஸ்விஜி கோப்பாகப் பிளெண்டருக்குள் கொண்டுவந்து, தடிமன் கொடுத்து, தனித்தனித் துண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஏழு துண்டு: கொம்பு, ககரம், கால், ழு, மகரம், புள்ளி, பு. இதை அப்படியே விழவிட்டால் கொம்பு ஒரு பக்கம் சாயும், கால் மறுபக்கம் சரியும், புள்ளி எல்லாவற்றையும் தாண்டி உருண்டு திரையைவிட்டே போய்விடும். வட்டமானது, சின்னது, உராய்வு குறைவு. அது உருளாமல் என்ன செய்யும்? எஞ்சியிருப்பது ‘கொழுமபு’. ஆங்கிலத்தில் அதே பெயருக்கு ஏழு எழுத்து, ஏழு துண்டு, எந்த ஒட்டுவேலையும் தேவையில்லை.

ஆகவே தமிழில் முதல் வேலை, சிமுலேஷனுக்கு முன்பே, எந்தத் துண்டுகள் சேர்ந்து ஓர் எழுத்து என்று முடிவு செய்து இணைப்பது. கொம்பு, ககரம், கால் மூன்றும் ஒரே பொருள். ‘ஐ’காரக் குறியீடு வந்தால் அதுவும் அப்படியே. ஆய்த எழுத்து வந்தால் மூன்று புள்ளியும் ஒன்று. இணைத்தபின் அவை ஒன்றாக விழும், ஒன்றாகத் திரும்பும், இடைவெளி மாறாது. இது தொழில்நுட்பம் தரும் முடிவல்ல. எழுத்து என்பது என்ன என்று அறிந்தவர் எடுக்கும் முடிவு.

புள்ளிக்கு மட்டும் நான் வேறு வழி வைத்திருக்கிறேன். அதைச் சிமுலேஷனிலேயே சேர்ப்பதில்லை. மகரம் விழுந்து, துள்ளி, அடங்கியபின் புள்ளி தனியாக மேலிருந்து வந்து தலையில் உட்காரும். முழுவதும் கையால், ஆறேழு ஃபிரேமில், மிகச் சிறிய ஒரு துள்ளலோடு. வாடிக்கையாளர் ஒருவர்கூட இதை மாற்றச் சொன்னதில்லை. புள்ளி வந்த கணத்தில் சொல் வாசிக்கும்படி ஆகிறது, அதுவரை பார்ப்பவர் காத்திருக்கிறார். ஆங்கிலப் பிரதியில் இப்படி ஒரு வாய்ப்பே கிடையாது.

ஜனவரி 11

‘ப’வின் வாய்க்குள் விழவேண்டிய எழுத்து ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டவருக்கு. மோதல் உருவத்தைக் ‘கான்வெக்ஸ் ஹல்’ என்று விட்டால் கணினி எழுத்தைச் சுற்றி இழுத்துக் கட்டிய ஓர் உறையை வைத்துக் கணக்கிடும். ‘ப’வின் திறந்த வாய் அதற்கு மூடியே இருக்கும். மேலிருந்து விழும் எழுத்து உள்ளே போகாமல் காற்றில் நிற்பதுபோல் தெரியும். ‘மெஷ்’ என்று மாற்றினால் வாய் திறக்கும், ஆனால் கணக்கு மெதுவாகும், நடுக்கமும் வரும். மூன்று கட்டைகளை ‘ப’ வடிவில் அடுக்கி ‘கொம்பவுண்ட்’ (பல துண்டு சேர்ந்த ஒரே உருவம்) ஆக்கிவிடுங்கள். விரைவும் உண்டு, உறுதியும் உண்டு. ‘ழு’வின் வால் தரையைத் தொடும் இடம் குறுகல், அது எப்போதும் சரியும். மோதல் உருவத்துக்கு மட்டும் அகலமான அடிப்பலகை ஒன்று கொடுங்கள்.

ஜனவரி 15

பொங்கல் முடிந்துவிட்டது, இப்போது சொல்லலாம். இந்த முறை ஒரு வாழ்த்து விளம்பரம்: பத்து விநாடி, 250 ஃபிரேம், பால் பொங்கி வழியவேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள். திரவ சிமுலேஷனில் பாலை ஊற்றினால் அது நீராக நடந்துகொள்ளும். தளம்பும், தெறிக்கும், ஒருபோதும் பொங்காது.

அடுப்பருகே நின்று பார்த்தால் காரணம் தெரியும். முதலில் மேலே ஆடை படிந்து சுருங்குகிறது. பானையின் ஓரத்தில், சுவரை ஒட்டி, சின்னச் சின்னக் குமிழ்கள் வளையமாக வருகின்றன. ஆடை நடுவில் மெல்ல உப்புகிறது. அடியிலிருந்து எழும் நீராவி வெளியே போக வழியில்லாமல் அடைபடுகிறது. பாலின் புரதம் குமிழ்களை உடையவிடாமல் பிடித்து வைக்கிறது. நெடுநேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டு, கடைசி இரண்டு விரற்கடை உயரத்தை ஒரே மூச்சில் ஏறி விளிம்பைத் தாண்டுகிறது. அந்தத் தயக்கமும் அந்தக் கடைசி அவசரமும்தான் பொங்கல். அது நுரை. திரவத்துக்கு எழுதிய கணக்கு அதைத் தராது.

அதனால் உப்பி எழுவதை முழுவதும் கையால் செய்தேன்: ஒரு மேற்பரப்பு, அதன்மேல் குமிழ்களின் இழையமைப்பு, எழும் வேகத்துக்கு ஒரே வளைகோடு. அந்த வளைகோட்டுக்குத்தான் அதிக நேரம் கொடுத்தேன். விளிம்பைத் தாண்டி பானையின் பக்கவாட்டில் வழிவதை மட்டும் சிமுலேஷனிடம் கொடுத்தேன், பாகுத்தன்மையைக் கூட்டி. மண்பானையின் கழுத்தில் கட்டிய மஞ்சள் இலையைச் சுற்றிப் பால் பிரிந்து மீண்டும் சேர்வதை என் கையால் செய்திருக்கவே முடியாது. அதைக் கணினி அழகாகச் செய்தது.

பிறகு வந்தது உண்மையான கேள்வி. பால் எந்தப் பக்கம் வழியவேண்டும்? வாடிக்கையாளரின் தாயார் முதல் பிரதியைப் பார்த்துவிட்டுக் கேட்டது இதை ஒன்றைத்தான். படத்தில் சூரியன் வலப்பக்கம் எழுகிறது, அப்படியென்றால் அது கிழக்கு, பால் கிழக்கே வழியவேண்டும். சிமுலேஷனில் அது பின்பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. அம்மா சொன்னது முற்றிலும் நியாயம். அந்த விளம்பரத்தைப் பார்க்கும் எந்த வீட்டிலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பானையைச் சாய்த்தால் தெரிந்துவிடும். புவியீர்ப்பின் திசையைச் சாய்த்தேன். கமெரா நேராக இருக்கிறது, பானை நேராக இருக்கிறது, சிமுலேஷனுக்குள் மட்டும் ‘கீழே’ என்பது சில பாகை வலப்பக்கமாக இருக்கிறது. பால் வலப்பக்க விளிம்பைத் தேடிப் போய் வழிந்தது. வழிந்து இறங்கியபின் கோடு சற்றுச் சாய்வாக ஓடும் என்பதால், விளிம்பைக் கடந்த ஃபிரேமுக்குப் பிறகு திசையை மெல்ல நேராக்கினேன்.

சீனியர்கள் ஏமாற்று வேலை என்று சொல்வது இதைத்தான் என்றால், அதைச் செய்வதில் எனக்குப் பெருமை. பௌதிகம் அந்த வீட்டு வழக்கத்துக்குக் கீழ்ப்படிந்து நிற்கவேண்டிய இடம் அது.

ஜனவரி 18

எல்லாவற்றுக்கும் சிமுலேஷன் தேவையா என்ற கேள்விக்கு: தேவையில்லை. மோஷன் கிராஃபிக்ஸில் பாதி வேலை சுருளிவில் ஒன்றின் ஆட்டம்தான். பெயர்ப்பலகை உள்ளே வந்து, சற்றுத் தாண்டி, திரும்பி, அடங்குகிறது. இதற்கு மூன்று எண் போதும்: எவ்வளவு தாண்டவேண்டும், எவ்வளவு விரைவாக ஆடவேண்டும், எவ்வளவு சீக்கிரம் அடங்கவேண்டும். வீச்சு, மீடிறன், தணிவு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் இதை ஒற்றை வரி எக்ஸ்பிரஷனாக (அசைவைத் தரும் சூத்திரமாக) எழுதிவிடலாம். சைன் அலையை அடுக்குக்குறிச் சார்பால் தணிக்கும் அதே பழைய சமன்பாடு.

இதன் பெரிய நன்மை, எந்த ஃபிரேமுக்கும் நேரடியாகப் போகலாம். சிமுலேஷனில் 200ஆவது ஃபிரேம் வேண்டுமென்றால் முந்தைய 199ஐயும் கடந்துதான் போகவேண்டும்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவித்தார்களே, அந்தக் காலத்தில் இங்கே வேலை செய்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாக விளங்கும். சமன்பாட்டில் செய்தவை மின்சாரம் வந்ததும் அப்படியே இருந்தன. திரவ சிமுலேஷன் பாதியில் நின்றவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள். பிளெண்டரின் திரவ சிமுலேஷன் கருவியான மான்டாஃப்ளோவில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியைத் தேர்வு செய்து, கேஷை (கணக்கிட்டு முடித்த ஃபிரேம்களை) வட்டில் எழுதும்படி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இன்று மின்சாரம் இருந்தாலும் அந்தப் பழக்கம் இருக்கட்டும்.

ஜனவரி 22

இசையோடு பொருத்துவது பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் எழுத்து தரையைத் தொடும் ஃபிரேமும் மிருதங்கத்தின் அடியும் ஒன்றாக வராவிட்டால் மேலே சொன்ன எதுவும் பயனில்லை.

நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் இசை இருந்தால் ஓர் அடிக்கு 0.6 விநாடி, 25 ஃபிரேம் கணக்கில் சரியாக 15 ஃபிரேம். 120 அடி என்றால் பன்னிரண்டரை வரும், அரை ஃபிரேம் உதைக்கும். இசையமைப்பாளரிடம் முன்கூட்டியே 100 அல்லது 125 கேட்டுப் பாருங்கள். 125க்கு 12 ஃபிரேம்.

இப்போது அழகான பகுதி. 0.6 விநாடியில் ஒரு பொருள் 1.76 மீட்டர் விழும். அந்த உயரத்திலிருந்து, ஒரு தாள அடியில் விட்டால், அடுத்த தாள அடியில் தரையைத் தொடும். துள்ளல் எண்ணை 0.5 என்று வையுங்கள். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் வேகம் பாதியாகிறது. மேலே போகப் பாதி நேரம், கீழே வரப் பாதி நேரம். ஆகவே இரண்டாவது மோதல் சரியாக இன்னொரு 0.6 விநாடி கழித்து, அடுத்த அடியில். அதற்கடுத்தது 0.3 விநாடியில், பிறகு 0.15இல். ஒன்றாம் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம்: நம் இசையில் வேகம் இரட்டிக்கும் அதே படிகள்! ஒரு கீஃப்ரேம்கூட இல்லாமல், விழும் பொருள் தானாகவே காலம் மாறுகிறது. இதை முதன்முதலாகத் தாளில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பௌதிகமா கலையா என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்கு நான் காட்ட விரும்பும் இடம் இது. 0.5 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தது காது. மீதியை நியூட்டன் பார்த்துக்கொண்டார்.

ஜனவரி 23

செய்து பார்த்துவிட்டுத் துள்ளவே இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பிளெண்டர் பௌதிகக் கணக்குக்குப் பயன்படுத்தும் புல்லட் என்ஜின், மோதும் இரண்டு பொருள்களின் துள்ளல் எண்களையும் பெருக்கிக்கொள்ளும். தரையின் எண் சுழியமாக இருந்தால் பெருக்கமும் சுழியம். தரைக்கு 1, எழுத்துக்கு 0.5 கொடுங்கள். நகர்வுத் தணிவு இயல்பாக 0.04 என்று இருக்கும், அதையும் சுழியமாக்குங்கள், இல்லாவிட்டால் தாளம் மெல்ல நழுவும். முதலில் ஒரு பந்தில் சோதியுங்கள். எழுத்து மூலைபட்டு விழுந்தால் வேகத்தின் ஒரு பகுதி சுழற்சிக்குப் போய்விடும், தாளமும் அதோடு போய்விடும். நான் செய்வது: தாளத்தைப் பந்தில் எடுத்து, அதன் உயரத்தை மட்டும் எழுத்துக்குக் கொடுத்து, சாய்வைக் கையால் சேர்ப்பது.

சமூக வலைத்தளத்துக்கு 30 ஃபிரேம் பிரதி கேட்பார்கள். ஃபிரேம் வேகத்தை மாற்றி மீண்டும் சிமுலேஷன் ஓட்டாதீர்கள். சிமுலேஷன் கணக்கிடும் காலப்படி மாறினால் மோதல்களும் மாறும். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட முடிவு காணாமல் போகும். பேக் செய்த கீஃப்ரேம்களை நேரத்தில் நீட்டி, அதிலிருந்து எடுங்கள்.

பெப்ரவரி 2

தம்பி அனுப்பிய புதிய பிரதியைப் பார்த்தேன். பள்ளம் வைத்த மேடை நன்றாக வேலை செய்திருக்கிறது. முதல் மூன்று எழுத்தும் விழும் விதத்தில் பாரம் இருக்கிறது, தொடாதீர்கள்.

நான்காவது எழுத்து அடங்கும்போது ஏறத்தாழ எட்டு ஃபிரேமுக்கு ஒரு சிறு நடுக்கம் தெரிகிறது. பள்ளத்தின் இரண்டு சுவர்களும் ஒரே நேரத்தில் அதைத் தள்ளுகின்றன. பள்ளத்தை ஒரு மயிரிழை அகலப்படுத்தி, ஒரு ஃபிரேமுக்குள் கணினி கணக்கிடும் உட்படிகளைக் கூட்டுங்கள். கடைசி இரண்டு எழுத்துகளும் ஒரே ஃபிரேமில் தரையைத் தொடுகின்றன. ஒன்றை நான்கு ஃபிரேம் தாமதித்து விடுங்கள், இப்போது இரண்டில் ஒன்றைக் கண் தவறவிடுகிறது. புள்ளி சற்று விரைவாக வருகிறது, மகரம் முற்றாக நின்றபின் வரட்டும்.

சிங்களப் பிரதியை இதே கோப்பில் எழுத்தை மட்டும் மாற்றித் தொடங்கவேண்டாம். அந்த எழுத்துகளின் அடிப்பாகம் வட்டமானது, இந்தப் பள்ளங்களில் உருளும். சிங்களம் வாசிக்கும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தத் துண்டுகள் சேரவேண்டும் என்று முதலில் கேட்டு இணையுங்கள். மேடையை அதன்பிறகு வெட்டலாம்.